கோடாலியை நீக்கக் கோரிய மனு

வந்திருந்தவர்கள்:
தலைவர் (ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர்)
செயலாளர் (ஜெராக்ஸ் கடை)
ஆவணக் காப்பாளர், ‘கல்வெட்டு’ என்று அழைக்கப்படுபவர்
பல், ஒன்று, சீசாவில்
முழங்கால் எக்ஸ்ரே, ஒன்று
நடுவரின் விசில், ஒன்று, நசுங்கியது
ஐந்தாம் நம்பர் சட்டை, ஒன்று, கண்ணாடிப் பெட்டியில்
வராதவர்கள்: யாருமில்லை

செயலாளர் இதை உரக்க வாசித்து முடிக்கும்வரை லாண்டரிக்காரர் வாசலிலேயே நின்றார். பல்லின் பெயர் வந்தபோது தப்பான மாடிக்கு ஏறிவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கதவுப் பலகையை இன்னொரு தடவை பார்த்தார். சரியான இடம்தான். ‘கால்பந்துக் கழக ரசிகர் பேரவை. முரட்டு வீரர்கள் நினைவுக் குழு. உரக்கப் பேசாதீர்.’ மூன்றாவது மாடி. தலைவர் நாற்பது வருஷம் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பரிசோதித்தவர். இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது.

குழுவின் விதிப்படி ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம். ஒரு காலத்தில் ஏழு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். ஒருவர் எதிர்க் கழகத்துக்கு ரசிகராகிவிட்டார். அவரையும் குறிப்பேட்டில் ‘காலமானார்’ என்றுதான் எழுதியிருக்கிறது. புதிதாக ஆள் சேர்க்கலாமே என்று செயலாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சேர்ப்பதற்கும் ஏழு பேர் உட்கார்ந்து தீர்மானம் போட வேண்டும். கடைசியில் கல்வெட்டுதான் வழி கண்டுபிடித்தார். நினைவுச் சின்னங்கள் என்பவை அந்தந்த வீரரின் பிரதிநிதிகள். ஆகவே அவற்றுக்கும் இருக்கை உண்டு, வாக்கு உண்டு, வாக்கைத் தலைவர் வழியாகச் செலுத்தும். இந்தத் தீர்மானம் நாலுக்கு மூன்றாக இல்லாமல் ஏகமனதாக நிறைவேறியது. சின்னங்கள் ஆதரித்து வாக்களித்தன.

“உட்காருங்க” என்றார் தலைவர்.

காலியாக இருந்த நாற்காலியில் லாண்டரிக்காரர் உட்காரப் போனார். அது எக்ஸ்ரேயின் நாற்காலி என்றார்கள். ஓரமாக ஒரு முக்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து, மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டார்.

அவர் வந்தது ஒரு கடிதத்துக்காக. ஒரே ஒரு வரி போதும், அடியில் பேரவையின் முத்திரை இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கடிதம் அவருக்கு அல்ல, அவருடைய அக்கா புருஷனுக்கு. அக்கா புருஷன் பதினொரு வருஷம் கழகத்தின் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவராக ஆடியவர், ஐந்தாம் நம்பர், பட்டப்பெயர் கோடாலி. ஆட்டம் இல்லாத நாட்களில் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. போன வருஷம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் வீட்டோடு இருந்தார். இருந்தார் என்றால் சும்மா இருக்கவில்லை. சமையலறை அலமாரியில் இருந்த டப்பா பூராவையும், உள்ளே இருக்கும் சாமான் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டார். சர்க்கரைக்கும் உப்புக்கும் நடுவில் இப்போது நானூறு மைல் தூரம் என்று அக்கா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலமானால் அவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மைதானத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே எட்டு வயசு, ஒன்பது வயசுப் பிள்ளைகள் இருபது பேரும் ஒரே பந்தின் பின்னால் ஓடுவார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒருநாள் தலைமை ஆசிரியை வந்து, நீங்கள் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டார். கொஞ்சம் ஆடியிருக்கிறேன் என்று இவர் சொன்னார். வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். அன்று ராத்திரி அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். ஒரு வருஷத்தில் அது முதல் தடவை என்பதையும் அக்காதான் சொன்னாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை பள்ளி நூலகத்துக்குப் போனார். அங்கே ‘எலும்பும் இதயமும்’ என்று ஒரு நூல், மூன்று பாகம். நினைவுக் குழு அச்சடித்து ஊரில் உள்ள நூலகங்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது. வேண்டாம் என்று சொன்ன நூலகங்களுக்கு இரண்டு பிரதி கொடுத்தது. இரண்டாம் பாகத்தில் நாற்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘கோடாலி. மூக்கு மூன்று. முழங்கால் ஒன்பது. பல், எண்ணிக்கையில் அடங்காது. அரையிறுதியில் தான் சிந்த வைத்த ரத்தத்தைத் துவைக்க மறுத்து, அதே சட்டையோடு இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்.’

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இது பொய் என்றால் எழுதியவர்களிடமே ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், திங்கட்கிழமை காலையிலேயே வேலையில் சேர்ந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்திருக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினார்.

அக்கா நேராக லாண்டரிக்கு வந்தாள். தம்பி ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை நின்றுவிட்டுச் சொன்னாள்.

“முப்பத்தொரு வருஷமா நான் வாயைத் திறக்கல. திறந்திருக்கேனா?”

“இல்ல.”

“இப்பத் திறக்கவா, நீயே போய்த் திறக்கறியா?”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்தில் கழகத்து உடுப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற வேலை அவருடையது. வெள்ளைச் சட்டை, சிவப்புக் காலுறை, இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அரையிறுதி முடிந்த வாரம் ஐந்தாம் நம்பர் சட்டைக்குள் ஒரு சிவப்புக் காலுறை சுருண்டு கிடந்ததை அவர் பார்க்கவில்லை. இறுதி ஆட்டத்தன்று காலையில் மூட்டையைப் பிரித்தபோது நெஞ்சுக்கு நேராகக் கையகலத்துக்குச் சாயம். மாற்றுச் சட்டை கிடையாது. துவைத்துக் காயப்போட நேரம் கிடையாது. கோடாலிக்கு அன்றைக்கு அந்தப் பெயரும் கிடையாது. பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் போனார். அரங்கம் மூச்சை இழுத்துப் பிடித்தது. எதிரணி ஆட்டக்காரர்கள் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, தொண்ணூறு நிமிஷமும் அவர் நிற்கிற பக்கம் வராமல் ஆடினார்கள். கழகம் ஒன்றுக்குப் பூஜ்ஜியத்தில் ஜெயித்தது. கழகம் வாங்கிய ஒரே கோப்பை அது. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

இந்த ஒரு வாக்கியத்தை, காலுறை வாக்கியத்தை, சொல்லிவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று லாண்டரிக்காரர் நினைத்திருந்தார். இம்மாதிரி அலுவலகங்களுக்குப் போய்ப் பழக்கமில்லாத ஆள்.

முதலில் மனுப் படிவம். அதில் ‘சேர்த்தல்’ என்ற தலைப்பு மட்டும்தான் இருந்தது. ‘நீக்கல்’ எங்கே என்று கேட்டார். இதுவரை யாரும் நீக்கச் சொன்னதில்லை என்றார் செயலாளர். போன மாதம்கூட ஒரு பழைய கோல்கீப்பரின் மருமகள் வந்து, மாமனார் ஒரு பந்து பொறுக்குகிறவனைக் கடித்த சம்பவத்தைச் சேர்க்கச் சொல்லி அழுதுவிட்டுப் போனாளாம். லாண்டரிக்காரர் வேறு வழியில்லாமல், ‘சேர்க்க வேண்டிய காயங்களின் எண்ணிக்கை’ என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டார். கோடாலியின் கணக்கில் பூஜ்ஜியம் காயங்கள் சேர்க்கப்பட வேண்டும் என்ற மனு வாக்குக்கு விடப்பட்டு ஏழு வாக்குகளோடு நிறைவேறியது. வாழ்த்துகள் என்று தலைவர் கை கொடுத்தார்.

“இல்லீங்க, அவர் யாரையும் அடிக்கவே இல்லைன்னு எனக்கு ஒரு லெட்டர் வேணும்.”

தலைவர் கையை உருவிக்கொண்டார்.

அப்படிப்பட்ட கடிதம் குழுவிடம் உண்டு, அதற்கு இன்மைச் சான்று என்று பெயர், ‘இன்னார் எமது பட்டியலில் இல்லை, இவரால் யாருக்கும் ஆபத்தில்லை’ என்று அதில் இருக்கும், ஆனால் பட்டியலில் இல்லாதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பது என்று செயலாளர் விளக்கினார். பட்டியலில் இருக்கிறவர் ஒருவர் அதைக் கேட்பது, உயிரோடு இருக்கிறவன் இறப்புச் சான்று கேட்கிற மாதிரி. லாண்டரிக்காரர் சாட்சி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்.

முதல் சாட்சி, உடைந்ததாகச் சொல்லப்படும் மூக்கு. அதாவது அந்த அரையிறுதியில் எதிரணிக்கு ஆடிய முன்வரிசைக்காரர். இப்போது பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். தன் மூக்கு உடையவே இல்லை, கோல் கம்பத்தில் முட்டிக்கொண்டதில் ரத்தம் மட்டும் வந்தது, ஓடி வந்து தலையைத் தாங்கிப் பிடித்துக் கைக்குட்டை கொடுத்தவரே கோடாலிதான் என்றார். கல்வெட்டு எழுந்து வந்து டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தார்.

“நேராத்தான் இருக்கு” என்று அறிவித்தார். “உடைஞ்ச மூக்கு எதுவும் இவ்வளவு நேரா இருந்து நான் பாத்ததில்ல. என்ன அடியா இருந்தா இப்படி நேராகும்?”

“அடியே இல்லைங்கறேன். நான் கம்பத்துல முட்டிக்கிட்டேன்.”

“கம்பம் எங்க இருந்துச்சு?”

“கம்பம் இருக்குற எடத்துலதான் இருந்துச்சு.”

“அது தெரிஞ்சும் ஏன் முட்டினீங்க?”

“திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடினேன்.”

“எதுக்குத் திரும்பிப் பாத்தீங்க?”

நேரக் காப்பாளர் யோசித்தார். நேர்மையான மனுஷன். “அவர் வர்றாரான்னு பாத்தேன்.”

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கல்வெட்டு எழுதினார்: ‘மூக்கு ஒன்று. கருவி: கோல் கம்பம். வீரர் இருபது அடி தூரத்திலிருந்தே இதைச் செய்தார்.’ நூலின் அடுத்த பதிப்பில் இது தனி அத்தியாயமாக வரும் என்று சாட்சிக்கு உறுதி அளித்தார்கள். அவர் ஆறு நாற்பது வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அடுத்து கோடாலியே வந்தார். மைத்துனர் சொன்னபடி கீழே டயர் கடையில் காத்திருந்தவர். அறுபத்தொரு வயசு, ஆறடி, முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. உள்ளே வரும்போது நாற்காலி ஒன்று காலில் இடித்தது. நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டார். குழுவினர் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். செயலாளரின் கை தன்னையறியாமல் மார்புக்குப் போனது.

மஞ்சள் அட்டை எத்தனை வாங்கினீர்கள் என்று லாண்டரிக்காரர் கேட்டார். பதினொரு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை என்றார் கோடாலி. சிவப்பு? அதுவும் இல்லை.

“எழுதிக்கோங்க” என்றார் தலைவர். “நடுவருங்க அட்டையை வெளியில எடுக்கவே பயந்தாங்க.”

“அப்படி இல்லீங்க ஐயா, நான் தப்பாட்டம் ஆடினதில்ல.”

“மொத்தம் எத்தனை கால் ஒடிச்சிருக்கீங்க, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க.”

“ஒரு கால்ங்க. என்னோடதுதான். சைக்கிள்ல இருந்து விழுந்து.”

கல்வெட்டின் பேனா ஒரு கணம் நின்றது, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. ‘தன் காலைக்கூட விட்டுவைக்கவில்லை.’

கோடாலி தன் மைத்துனரைப் பார்த்தார். கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர், தப்பான முகவரிக்குக் கடிதம் போவதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது. அந்தப் பார்வைதான் அது. வீட்டுக்குப் போயிடலாம் மாப்ளே, இவங்க நல்ல மாதிரியா இருக்காங்க, கஷ்டப்படுத்த வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார்.

லாண்டரிக்காரர் எழுந்தார். இனியும் உட்கார்ந்திருந்தால் மனுஷனை அடுத்த பக்கத்தில் ஏதாவது கொலையில் சேர்த்துவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டியைக் காட்டிப் பேசினார். அது ரத்தமில்லை, சாயம். ரத்தம் என்றால் முப்பத்தொரு வருஷத்தில் பழுப்பாகிக் கறுத்திருக்கும், இது இன்னும் சிவப்பாகவே இருக்கிறது, நாளொன்றுக்கு அறுபது விரிப்பு துவைக்கிறவன் சொல்கிறேன். காலுறையைப் பற்றிச் சொன்னார். சட்டைக்குள் அது எப்படிச் சுருண்டிருந்தது, தான் எப்படிப் பார்க்காமல் விட்டோம், எல்லாம் சொன்னார்.

தலைவர் கோடாலியின் பக்கம் திரும்பி, அப்படியானால் அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாமே, பத்திரிகைக்காரன் கேட்டபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

கோடாலி கையைப் பிசைந்தார். “துவைச்சது இவன். சாயம்னு சொன்னா இவன் வேலை போயிடும். அப்பத்தான் கடை போட்டிருந்தான். சரி, ரத்தம்னு நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்கன்னு விட்டுட்டேன்.”

லாண்டரிக்காரருக்கு இது புதுச் செய்தி. மாமா கறையைக் கவனிக்கவே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கையகலக் கறையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஒருவன் கவனிக்காமல் இருப்பானா என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பது சௌகரியமாக இருந்தது. கோடாலியின் மச்சான் கடை என்றுதான் முதல் வருஷம் அத்தனை பேர் துணி கொண்டுவந்து போட்டார்கள்.

தலைவர் எழுந்தார். இந்த மாதிரி நேரத்துக்கென்றே அவரிடம் ஒரு குரல் இருந்தது.

“பெரியவங்களே, மனுதாரரே, சின்னங்களே. நம்ம கழகம் கோல் போட்டு வளர்ந்த கழகம் இல்ல. இந்த முப்பத்தொரு வருஷத்துல நாம கோல் போட்ட நாளை விரல் விட்டு எண்ணிடலாம். போன வருஷம் நாம போட்டது மூணு, அதுல ரெண்டு நம்ம கோல்லயே போட்டுக்கிட்டோம். ஆனா அடி விஷயத்துல நம்மள ஒருத்தன் குறை சொல்ல முடியுமா? ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை இருக்கு. தோக்குறவனுக்கு என்ன இருக்கு? நாங்க தோத்தோம், ஆனா அவனுங்க நொண்டிக்கிட்டுத்தான் பஸ் ஏறினானுங்கன்னு சொல்லிக்க நாலு பேர் வேணும். அந்த நாலு பேரைத்தான் நாங்க பாதுகாக்கறோம். எனக்குக் கால்பந்து பிடிக்காது. மழையில உக்காந்து பாத்தா சளி பிடிக்கும். பதினேழு வருஷமா நான் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்ல. ஆனா இந்தச் சட்டையை ஒருநாள்கூடப் பாக்காம இருந்ததில்ல. இப்ப நீங்க வந்து அந்தக் கோப்பையை வாங்கினது ஒரு காலுறைங்கறீங்க.”

“ஆமாங்க” என்றார் லாண்டரிக்காரர்.

கல்வெட்டு அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். மனுதாரர் சொல்வது உண்மையென்றால், எதிரணியின் பதினொரு பேரையும் ஒரே துவைப்பில் நடுங்க வைத்தவர் மனுதாரர்தான், புள்ளிக் கணக்குப்படி கழக வரலாற்றிலேயே அவர்தான் முரட்டு ஆள், முதலிடம் தர வேண்டிவரும் என்றார். லாண்டரிக்காரரின் உயரம், எடை, பிடித்த கால் ஆகியவற்றைக் கேட்கவும் ஆரம்பித்துவிட்டார். பட்டியல் வீரர்களுக்கு மட்டும்தான் என்று தலைவர் அதை வெட்டினார்.

“சரி, ஒண்ணு செய்யலாம்” என்றார் லாண்டரிக்காரர். பையிலிருந்து சலவைத்தூள் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா கொடுத்தனுப்பியது இல்லை. கடையிலிருந்து தானே எடுத்துவந்தது. “இது வெள்ளைப் பருத்தி. இந்தத் தூளைக் கரைச்சு ஊறப் போட்டா சாயம் பத்து நிமிஷத்துல போயிடும். முப்பத்தொரு வருஷத்து ரத்தமா இருந்தா தலைகீழா நின்னாலும் போகாது. போட்டுப் பாத்துடுவோம்.”

கூடாது என்று கல்வெட்டு கிட்டத்தட்டக் கத்தினார். பதினாலாம் விதி: சின்னம் இல்லாத பெயர் பட்டியலில் நிற்காது. கறை போனால் அது சின்னமில்லை, பழைய சட்டை. சட்டை போனால் கோடாலி போனார். கோடாலி போனால் இரண்டாம் பாகத்தில் பதினாறு பக்கம் போயிற்று, அட்டைப்படமும் போயிற்று.

அங்கேதான் தலைவர் தன் நம்பிக்கையின் முழு உயரத்துக்கும் நிமிர்ந்தார். போகாது என்றார். சாயம் போகும், ரத்தம் போகாது, இது ரத்தம், ஆகவே போகாது. இதில் பயப்பட என்ன இருக்கிறது? பயப்படுகிறவனுக்கு இந்தக் குழுவில் என்ன வேலை? சந்தேகப் பேர்வழிகளின் வாயை இன்றோடு அடைத்துவிடலாம் என்று சொல்லி, வாக்குக்கு விட்டார். சட்டை சம்பந்தப்பட்ட தரப்பு என்பதால் வாக்களிக்கவில்லை. கல்வெட்டு எதிர்ப்பு. செயலாளர் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதிர்ப்பு என்றார். தலைவர் ஆதரவு. பல் ஆதரவு. எக்ஸ்ரே ஆதரவு. விசில் ஆதரவு.

நாலுக்கு இரண்டு. கறை போய்விட்டால் இன்மைச் சான்று அப்போதே தரப்படும் என்பதையும் தலைவர் பெருந்தன்மையோடு தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னார். லாண்டரிக்காரர் அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். இந்த ஒரு மணி நேரத்தில் அவரும் கொஞ்சம் கற்றிருந்தார்.

பெட்டியைத் திறக்க இரண்டு சாவி. ஒன்று தலைவரிடம், ஒன்று கல்வெட்டிடம். கல்வெட்டின் சாவி கிடைக்க நேரமாயிற்று. அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. தலைவர் இரண்டு கைகளாலும் சட்டையை எடுத்து லாண்டரிக்காரரின் கைகளில் வைத்தார். முப்பத்தொரு வருஷத்துத் தூசும் அந்துருண்டை வாசமும். துணி நைந்திருந்தது. அழுத்திக் கசக்கக் கூடாது, ஊற வைத்து அலசினால் போதும் என்று அவருடைய விரல்கள் முடிவு செய்தன.

கழிவறை நடையின் கோடியில் இருந்தது. வாளி அங்கேயே உண்டு என்றார்கள். கோடாலி கூட வரப் பார்த்தார். சம்பந்தப்பட்ட தரப்பு அறையை விட்டு வெளியேறக் கூடாது என்று எக்ஸ்ரேயின் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் அதிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷமும் அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள்.

நடையில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. செயலாளர். நாற்பது வயசு ஆள், விரல் நுனியெல்லாம் ஜெராக்ஸ் மை.

“ஒரு நிமிஷம்ணே” என்றார். அறையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “நான் அன்னிக்கு அப்பா தோள்மேல இருந்தேன். ஒம்பது வயசு. கோடாலி இந்தச் சட்டையோட மைதானத்துக்குள்ள வந்தப்ப அப்பா என் காலைப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது. அப்பா அதுக்கப்புறம் எதையும் அப்படிப் பிடிச்சதில்ல.” குரலைத் தாழ்த்தினார். “சாயம்னு எனக்குத் தெரியும்ணே. ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், எனக்குக் கலர் தெரியாதா? இங்க எல்லாருக்கும் தெரியும். தலைவரைத் தவிர. சும்மா நனைச்சு எடுத்துட்டு வந்துடுங்களேன். போகலைன்னு சொல்லிடுங்க. லெட்டரை நான் எப்படியாவது திருட்டுத்தனமா அடிச்சுத் தர்றேன்.”

லாண்டரிக்காரர் நின்றார். நல்ல பையன்தான். திருட்டுத்தனமான கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாமா அதை வாங்க மாட்டார். வாங்கினாலும் தலைமை ஆசிரியையிடம் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுவார். முப்பத்தொரு வருஷம் ஒரு பொய்யை இன்னொருத்தனுக்காகச் சுமந்தவனுக்கு இன்னொரு பொய்யைக் கையில் கொடுத்து அனுப்ப முடியாது. அதோடு, ஒரு துணியைக் கறையோடு திருப்பிக் கொடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அது போதும்.

“உங்க அப்பா பிடிச்சது உங்க கால்லதானே இருக்கு தம்பி” என்றார். “இந்தச் சட்டையில இல்லையே.”

செயலாளர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“போய் லெட்டரை டைப் அடிச்சு வைங்க. முத்திரை தெளிவா விழணும். திங்கக்கிழமை காலையில எட்டரைக்குப் பள்ளிக்கூடம்.”

உள்ளே போய் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுத் திரும்பினார். செயலாளர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டு, சட்டையைக் கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொண்டிருந்தார். லாண்டரிக்காரர் அவருக்கு அதற்கு மட்டும் நேரம் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.